கன ஆக்சிஜனில் நான் கலந்தது

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைத் தோட்டக்காரரின் மகள்; அவளுடைய பேராசிரியர்; ஆய்வக உதவியாளனாகிய நான். பேராசிரியர் பத்து மணிக்கே பாடம் எடுக்கப் போய்விட்டார். பன்னிரண்டரைக்கு அவளும் சாப்பிடக் கிளம்பினாள். ஆக, அது நடந்தபோது நான் ஒருவன்தான். வேறு யார் மேலும் பழி சொல்ல வழியில்லை.

எட்டாவதோடு நின்றவன் நான். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பதினாறு வருஷம் கேஸ் வெல்டிங் வேலை. கண் கெட்டபின் கல்லூரியில் இந்த வேலை கிடைத்தது. பயந்த சுபாவம். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். "பூட்டு கையோட வந்துரப் போகுதுங்ணா" என்று அவள் கிண்டல் செய்வாள்.

அவள் செய்ததை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மாத்திரை மாதிரி ஒரு கறுப்பு வில்லை. மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் கேனில் தூக்கிப் போவார்களே, அதே திரவ நைட்ரஜனில் குளிர வைத்தால், ஒரு கட்டத்தில் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்தால்தான் அப்படி ஓட முடியுமாம். சாதாரண உலோகங்களில் அணுக்களின் அதிர்வு அவற்றைச் சேர்த்து வைக்கிறது. இந்த வில்லையில் எலக்ட்ரான்களுக்குள் பகை அதிகம், அதிர்வுக்கு இங்கே வேலையில்லை என்கிறது ஒரு கட்சி. உண்டு என்கிறது இன்னொரு கட்சி.

"அதை எப்படீங்க அம்மிணி கண்டுபிடிக்கிறது?"

"உள்ள இருக்கற ஆக்சிஜனை எடுத்துட்டு, கனமான ஆக்சிஜனை வெக்கறதுங்ணா. கனமானா மெதுவா ஆடும். ஆட்டம் மாறுனா, தடை போற குளிரும் மாறுதான்னு பாக்கலாம்."

அது எனக்கு விளங்கியது. லாரியில் கனத்த பலகையும் லேசான பலகையும் ஒரே மாதிரி அதிர்வதில்லை.

உலையில் இரண்டு குழாய்கள், குழாய்க்கொரு வில்லை. ஒன்றில் சிலிண்டரிலிருந்து வரும் சாதா ஆக்சிஜன். மற்றதில் கன ஆக்சிஜனை அளவாக அடைத்து மூடியிருந்தாள். நாலு நாள் காய்ந்த உலை அன்று ஆறிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகு பார்க்கிறேன், கன ஆக்சிஜன் குழாயின் மீட்டர் முள் இறங்குகிறது.

சூடு குறைந்தால் அடைத்த வாயுவின் அழுத்தமும் குறையும் என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்று பட்டறைப் புத்திதான் வேலை செய்தது: முள் இறங்கினால் கசிவு. ஆக்சிஜன் பற்றாவிட்டால் வில்லை பாழ் என்று முன்பு அவளே சொல்லியிருக்கிறாள். போன் போட்டேன், எடுக்கவில்லை. இரண்டு குழாய்க்கும் நடுவிலிருந்த வால்வைத் திறந்து, முள் பழைய இடத்துக்கு வரும்வரை சாதா ஆக்சிஜனை விட்டேன்.

திரும்பி வந்தவள், "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே?" என்றாள்.

"இல்லீங்க அம்மிணி."

மறுநாள் எடை போட்டேன். கன ஆக்சிஜன் ஏறிய வில்லை எவ்வளவு கூடியிருக்க வேண்டும் என்று நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாள். தராசு குறைவாகக் காட்டியது. நான் பென்சில் எண்ணைப் பார்த்துப் பேனாவால் எழுதினேன். வால்வைத் திறந்ததற்குப் பயத்தைக் காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வது?

குளிர வைத்தபோது இரண்டு வில்லையிலும் ஒரே குளிரில் தடை போனது. "அதிர்வுக்கு வேலையே இல்லையாட்ட இருக்குதுங்ணா. சார் எழுதச் சொல்லிட்டாரு" என்று ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை எழுத ஆரம்பித்தாள். எட்டு நாள் மறைத்தேன். நாளைக்கு வேறொருவர் இதையே ஒழுங்காகச் செய்து பார்த்தால், பொய் சொன்னவள் அவள் என்றாகும். ஒன்பதாம் நாள் பேராசிரியரிடம் கொடுக்கப் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது வாய் திறந்தேன்.

"எடையைத் தராசு பாத்து எழுதலீங்க அம்மிணி. உங்க பென்சிலைப் பாத்து எழுதுனேன்." வால்வையும் சொன்னேன்.

வில்லையை எடுத்துத் தானே தராசில் வைத்தாள். நோட்டில் என் பேனா எண்ணை அடித்துவிட்டு, தராசு காட்டியதைப் பக்கத்தில் எழுதினாள்.

"முள்ளு எறங்கும்னு நாந்தான் சொல்லியிருக்கோணும். அது போவுட்டும்" என்றாள். "நோட்டுல மாத்தி எழுத எப்படீங்ணா கை வந்துச்சு?"

அதற்குப் பிறகு அவள் என்னை எடை போடச் சொல்வதில்லை.

எல்லாம் முதலிலிருந்து. ஆறு மாதம் போனது. இந்த முறை தடை போக, கன வில்லையைச் சாதா வில்லையைவிட இன்னும் அரை டிகிரிக்குள் கூடுதலாகக் குளிர வைக்க வேண்டியிருந்தது. அதிர்வுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று எழுதினாள். அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் அழித்திருந்தேன்.

புதிதாக வாங்கிய வாயு எண்பதாயிரம். அவள் அப்பா கொடுத்தார். பாதி நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி, மாசாமாசம் குடுங்க. இல்லீன்னா நீங்க தூங்க மாட்டீங்க" என்றாள். மாதம் ஆயிரத்து ஐநூறு வீதம் ஏழு மாதம் கொடுத்திருக்கிறேன். பாக்கி இருபத்தொன்பதாயிரத்து ஐநூறு ரூபாய்.