அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்ற பாடம்

நாளிதழில் நெடுங்காலம் பிழை திருத்திவிட்டு ஜவ்வாது மலைக்குக் குடிவந்தவன் நான். இப்போது ஒரு மாத இதழில் கணினி பற்றிப் பத்தி எழுதுகிறேன். அதை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று ஆசிரியரிடம் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு மாதம், மடிக்கணினியின் மூடியைச் சாத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று எழுதினேன். இயங்குதளத்தின் மையத்தில் கர்னல் என்றொரு நிரல் இருக்கிறது. கணினி உறங்கப் போகும் முன், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை அது அப்படியே உறைய வைக்கும். மூடியைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட விடும். நாமே முன்பு கையால் நிறுத்தி வைத்த வேலை ஒன்று அவற்றில் இருந்தால், அதையும் உறைய வைக்கும். ஆனால் விழித்த பின் உறைவை மட்டும்தான் நீக்கும். வேலை முன்பிருந்தபடி நின்றுகொண்டே இருக்கும். நிறுத்தியவர் சொன்னால்தான் நகரும். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியபோது எனக்கே என்மேல் மதிப்புக் கூடியது.

அந்த இதழ் வந்த வாரம் பக்கத்து வீட்டு ஆசிரியை வந்தார். சொந்த ஊர் படவேட்டுப் பக்கம், மாதா கோயில் தெரு. மலைப் பள்ளியில் தற்காலிக வேலை. ஓர் உறைவிடப் பள்ளியில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அவர் பாடம் நடத்தும் காணொளியை மறுநாள் மாலை நான்கு மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். என் கேமராவில் நானே எடுத்தேன். கோப்பு பெரிதாகிவிட்டது, அந்தப் பள்ளியின் இணையதளம் அவ்வளவு பெரியதை வாங்காது. சுருக்கித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை தொடங்கிய வேலை, பழைய கணினியில் ஊர்ந்து ஊர்ந்து அறுபத்து நான்கு சதவீதம் வந்தபோது மின்சாரம் போனது. பேட்டரி அரைமணி நேரம்கூடத் தாங்காது. செங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மின்சாரமும் இணையமும் உண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மூடியைச் சாத்தினால் போதும், மீதியைக் கர்னல் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியவன் நான். எழுதியவனுக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. முன்னெச்சரிக்கையாகக் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தி, வேலையை என் கையால் நிறுத்திவிட்டு மூடினேன்.

ஆசிரியையும் நானும் செங்கத்தில் இறங்கி, கடையில் மின்சாரத்தில் சொருகித் திறந்தபோது மணி இரண்டே கால். கடிகாரம் தன்னைத் திருத்திக்கொண்டது. பாதியில் விட்ட பாட்டுகூடப் பாட ஆரம்பித்தது. சதவீதம் மட்டும் அறுபத்து நான்கு.

"சூடாயிருக்கு, கொஞ்சம் ஆறட்டும்" என்றேன்.

ஆறவிட்டோம். அறுபத்து நான்கு.

"இன்னா சார், நகரவே மாட்டேங்குது?" என்றார் ஆசிரியை.

"பழைய மெஷினும்மா. மெதுவாதான் செய்யும்."

கடைக்காரர் நகல் எடுத்தபடியே எட்டிப் பார்த்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

அப்படிச் செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று விளக்கினேன். கர்னல் வேலைகளை உறைய வைத்து எழுப்பும் விதத்தையும் சேர்த்து விளக்கினேன். இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள். மணி மூன்று தாண்டியது.

"இது போச்சுன்னா எனக்கு மறுபடி டெம்பரரிதான் சார்" என்றார் ஆசிரியை, குரலை உயர்த்தாமல். பிறகு, "புக்குல எழுதியிருந்தீங்களே, கையால நிறுத்தனது தானா எழுந்துக்காதுன்னு. அப்டி எதுனா பண்ணீங்களா?"

என் பத்தியைப் படித்த ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தேன். சதவீதத்துக்கு அடுத்த வரியில் 'ஸ்டாப்டு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடும் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்ட கண்கள் இவை.

தேவைப்பட்டது இரண்டே எழுத்துள்ள ஒரு கட்டளை. தட்டினேன். விசிறி இரைந்தது. அறுபத்தைந்து.

"இன்னா சார் பண்ணீங்க?" என்றார் கடைக்காரர்.

"நின்னுட்டிருந்தத எழுப்பினேன்."

"யாரு நிறுத்துனது?"

ஆசிரியை முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

நூறு வந்தபோது மூன்று நாற்பது. ஏற்றி முடித்து, 'பெற்றுக்கொண்டோம்' என்ற வரி திரையில் வந்தபோது மூன்று ஐம்பத்தாறு. பழக்கத்தில் மூடியில் கை வைத்தேன்.

"கைய எடுங்க சார். ஸ்கூல்லேர்ந்து மெயில் வரட்டும்" என்றார் ஆசிரியை.

மெயிலுக்கு முன் பேருந்து வந்துவிட்டது. அவர் கைபேசியிலிருந்து இணையத்தை வாங்கிக்கொண்டு, திறந்த கணினியை மடியில் ஏந்தியபடி உட்கார்ந்தேன். நடத்துனர் சீட்டுக் கொடுக்கும்போது என்னையும் கணினியையும் ஒருமுறை பார்த்தார். மலைப்பாதை தொடங்கி சிக்னல் போவதற்குச் சற்று முன் மெயில் வந்தது. ஆசிரியை இரண்டு முறை படித்தார்.

"இப்ப மூடிக்கோங்க சார்."

மூடினேன். இந்த முறை அதற்கு முன் எதையும் அழுத்தவில்லை.