செந்நிறக் கறையும் பின் சீட்டு ஆட்டமும்

1. நான்காவது முறை

அதே புகாரோடு அந்த வண்டி நான்காவது முறையாக எங்கள் ஷெட்டுக்குள் வந்தது. சம்பத் இன்ஜினை நிறுத்தாமலே இறங்கினார். அடி அண்ணாமலையில் பூந்தோட்டம் வைத்திருப்பவர். வயல் பாதைக்காக, பின் ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு உயர்த்திய பழைய டீசல் வண்டி அது.

"அறுபதைத் தாண்டினா பின் சீட்டு தூக்கித் தூக்கிப் போடுது. எங்கம்மா ஏறவே மாட்டேங்குது. வண்டி பாக்குறீங்களா, வெளாடுறீங்களா?"

ஓனர் ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். வண்டி என் பொறுப்பு.

"இந்தாம்மா, இன்னிக்கு இந்த ஆட்டம் நிக்கணும். நிக்கலேன்னா நாளையிலேர்ந்து நீ பில் போடுற சீட்டுக்குப் போயிடு. சீனு பாத்துக்குவான்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ. வண்டியை ஏற்றி வேலை பார்க்கும் ரேம்ப்புக்குக் கீழே நிற்கும் உரிமையை யாரும் எனக்குச் சும்மா கொடுத்துவிடவில்லை.

2. எப்பலேர்ந்து?

முதல்முறை வீல் பேலன்சிங் செய்திருந்தேன். அடுத்து, பின் டயர்களை முன்னால் மாற்றினேன். மூன்றாவது முறை இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி, அதன் மூட்டுகளில் இருக்கும் கிராஸ் இரண்டும் புதிதாகப் போட்டேன். ஆட்டம் அப்படியே இருந்தது.

"தூக்கின வண்டி ஆடத்தாம்மா செய்யும்" என்றார் சீனியர் மெக்கானிக் சீனு அண்ணன். "பட்டையைக் கழட்டிடலாம்." ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பட்டை போட்டு ரெண்டு வருஷமாச்சுங்க. அப்பல்லாம் ஆடலியே" என்றார் சம்பத்.

"அப்ப எப்பலேர்ந்துங்க ஆடுது?"

"ஆயுத பூஜைக்கு முந்தி இங்க உட்டேனே, அதுலேர்ந்துதான். கண்ணு பட்டுடுச்சுன்னு எங்கம்மா பூசணிக்காகூட ஒடைச்சிச்சு."

"இன்னொண்ணு வாங்கியாங்க, இங்கயே ஒடைச்சிடலாம்" என்று சீனு அண்ணன் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3. ரேம்ப்புக்குக் கீழே

பூஜைக்கு முந்தைய நாள் அந்த வண்டிக்கு, ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் மாற்ற ஷாஃப்டை இரண்டாகப் பிரித்தவள் நான். திரும்பச் சேர்ப்பதற்காக இரு துண்டிலும் சிவப்பு பெயின்டால் அடையாளம் வைத்தேன். மறுநாள் ஷெட்டில் சாமான்களை எல்லாம் டீசலில் கழுவினார்கள். ஓனர் தட்டை என்னிடம் நீட்டி, "நீயே பொட்டு வைம்மா" என்றார். ஜாக்கி, கம்ப்ரஸர், பெஞ்சில் கிடந்த ஷாஃப்ட், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் துண்டுகளைச் சேர்த்தபோது கிரீஸில் ஊறிய செந்நிறக் கறை இரண்டிலும் இருந்தது. அதையே என் அடையாளம் என்று நினைத்து நேருக்கு நேர் வைத்து முடுக்கிவிட்டேன். என் பெயின்ட் டீசலோடு போயிருந்தது; அது குங்குமம்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டைகள் ஒரே வாக்கில் இருக்க வேண்டும். முன்னது நின்றது, பின்னது படுத்திருந்தது. கிராஸ் மாற்றியபோது கழற்றுமுன் அடையாளத்துக்கு அழுத்தமாகப் பஞ்ச் அடித்து, இந்தத் தவறையே துல்லியமாகத் திரும்பப் பொருத்தியிருக்கிறேன்.

சத்தமில்லாமல் திருப்பிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சீனு அண்ணன் முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிவிட்டார்.

"பட்டையைத் தொடாதீங்கண்ணா. தப்பு என்னுது."

எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். சம்பத்தான் கடைசியில், "அடப்பாவமே, ஒரு பூசணிக்கா வீணா?" என்றார். ஓனர் சிரிக்கவில்லை.

4. செங்கம் ரோடு

திருப்பிப் பொருத்தியதும் ஓனரே பின் சீட்டில் ஏறி, உள்ளங்கையை சீட்டில் பரப்பி வைத்தார். நான் ஓட்டினேன். ஐம்பது. அறுபது. எழுபத்தைந்திலும் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடியில் அவர் கையை எடுப்பது தெரிந்தது.

"ஷெட்டுக்குப் போனதும், அன்னிக்குப் பொட்டு வெச்சதுல எதெது எந்த வண்டியில ஏறிச்சுன்னு பாரு. சீனுகிட்ட தள்ளாத. நீயே கீழ போய்ப் பாரு."

அன்று மாலைவரை ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தேன். மற்றதெல்லாம் சரியாக இருந்தது.

டிப்ளமோ முடித்து ஷெட்டுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அடையாளம் வைக்குமுன், இப்போதுள்ள பொருத்தம் சரிதானா என்று பாருங்கள். ஸ்பேனரைத் தொடுமுன், வண்டி கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். பதில் உங்கள் கை செய்த தவறிலேயே வந்து நின்றாலும் கேளுங்கள்.