படித்துக் காட்டக் கேட்டேன்

அந்தத் தாளின் கடைசி வரியை நான் ஒருநாளும் தட்டச்சு செய்ததில்லை. அது ஏற்கனவே கணினியில் இருக்கும். மேலே பெயர், வயது, கணவர் பெயர், எந்த நாடு என்று ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே வருவோம். கீழே போனால் யாருக்காகவும் மாறாமல் அது உட்கார்ந்திருக்கும்: 'மேற்கண்ட வாக்குமூலத்தைப் படித்துக் காட்டக் கேட்டேன். சரியாக உள்ளது.' அதற்கும் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ அடித்து வைத்துவிட்டுப் போன வரி. அர்ச்சனை முடிந்தால் கற்பூரம் காட்டுவது போல, விசாரணை முடிந்தால் அந்த வரி. அதற்கு ஒரு பொருள் உண்டு என்று அந்த நாளில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அண்ணாமலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகம். எதுவென்று சொல்லப்போவதில்லை, தெரிந்து யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதுமில்லை. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் எனக்குக் கிடைத்த வேலை. வெளிநாட்டவர் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் போட்டார்கள். மலையைத் தேடி வந்து, விசா முடிந்த பிறகும் கிளம்ப மனம் வராமல் தங்கிவிடுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. ஒருவரை நாட்டை விட்டு அனுப்புவதற்கு முன்னால், எதற்காக அனுப்புகிறோம் என்று அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். அவர் தரப்பையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இத்தாலிக்காரர் வந்தால் இத்தாலி மொழி தெரிந்தவரைத் தேடி ஆட்டோவில் அலைவோம். ஒரு ரஷ்யப் பெண்மணிக்காக ஒரு வாரம் விசாரணையையே தள்ளி வைத்தோம். அந்த அம்மா வந்த அன்று மட்டும் யாரும் எங்கேயும் அலையவில்லை. தமிழ்தானே என்று இருந்துவிட்டோம்.

ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணப் பக்கம். வெளிர் நீலத்தில் ஒரு பருத்திச் சேலை, கையில் குடை, பால் பாக்கெட் உறையில் சுற்றிய கடவுச்சீட்டு. எங்கள் பிரிவின் ஜன்னலில் மலை தெரியும். வெயில் ஏறிய நேரத்தில் அது கல் என்றே தோன்றாது, யாரோ நீலத்தைக் கரைத்து ஊற்றி வைத்த மாதிரி இருக்கும். அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டபோதுதான் திரும்பினார்.

முதல் கேள்விக்கு அவர் "ஓம்" என்றதும் பக்கத்து மேசைக்காரர் ஒரு கணம் கைகூப்பப் போனார். எங்கள் ஊரில் ஓம் என்று ஆரம்பித்தால் பின்னாலேயே நமசிவாய வர வேண்டும். சூப்பிரண்டு சார்தான் பெருமையாக விளக்கினார், அவங்க ஊர்ல ஓம்னா ஆமாம்னு அர்த்தம் என்று. எல்லோரும் தலையாட்டினோம். அரைக்கிணறு தாண்டின அறிவு என்பார்களே, அதுதான் எங்களுக்கு வாய்த்தது.

அன்று வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. மதியத்துக்கு மேல் சாலைகளை அடைத்துவிடுவார்கள், வீடு போய்ச் சேர வேண்டுமே என்று எல்லோருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. சூப்பிரண்டு சார் கேள்விகளை மூச்சு விடாமல் அடுக்கினார். விசா முடிஞ்சது உங்களுக்குத் தெரியும், ஓம். முடிஞ்சப்புறம் தங்கியிருக்கிறது சட்டப்படி தப்பு, ஓம். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகணும், அதுல உங்களுக்கு ஆட்சேபனை எதுவும் இல்லையே, "ஓம்... ஓம்..." அந்தக் கடைசி ஓம் கொஞ்சம் இழுத்தாற்போல வந்தது. என் காதில் விழாமலில்லை. ஆனாலும் என் விரல் 'ஆம்' என்று அடித்தது. அதோடு விட்டதா? 'எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை. என் சுய விருப்பத்தின் பேரில் நாடு திரும்பச் சம்மதிக்கிறேன்' என்று வழக்கமான சரக்கையும் சேர்த்து அடித்தது. தாளை எடுத்து நீட்டி, கோட்டின் மேல் விரல் வைத்து, இங்க போடுங்கம்மா என்றேன். போட்டார். மணி நாலுகூட ஆகவில்லை.

மிச்ச வேலையை முடித்து நான் கிளம்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது, பேருந்து இல்லை. என் வீடு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையோடு நடந்து போவதைத் தவிர வழியில்லை. வாசலிலேயே நின்றிருந்த அந்த அம்மாவுக்குக் காஞ்சி சாலையில் தற்காலிகமாகப் போட்டிருந்த பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்துதான் அவர் தங்கியிருந்த அகதி முகாமுக்கு வண்டி. சரி வாங்க, சேர்ந்து போகலாம் என்று அழைத்தேன். நாங்கள் போக வேண்டிய திசை மலை சுற்றுகிறவர்களுக்கு எதிர்த்திசை. ஆயிரக்கணக்கான முகங்கள் எங்களைப் பார்த்து வந்துகொண்டே இருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாலை ஓரமாக எதிர்த்து நடந்தோம். 'எதிர் சுத்து சுத்தாதீங்கம்மா, பாவம்' என்று ஒரு பெரியவர் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார். இடது கைப்பக்கம் மலை கூடவே வந்தது. பின்னால் நிலா ஏற ஏற, எங்கள் நிழல் முன்னால் விழுந்து, வருகிறவர்களின் வெறுங்கால்களுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. சுண்டல் வாசனை, விபூதி வாசனை, எங்கிருந்தோ ஒரு சங்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைத்தால் நடந்தேனா, கனவு கண்டேனா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும்.

என் வாய் சும்மா இருக்குமா? யார் கிடைத்தாலும் மாமியார் புராணம்தான். நான் பெருக்கினால் வீடு இன்னும் அழுக்காகும் என்று என் மாமியார் சொல்வார் என்றேன். ஓம் என்றார். நான் வைக்கிற குழம்பை நாய்கூட மோந்து பார்க்காதாம் என்றேன். ஓம், ஓம் என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"என்னாங்க, நீங்களும் ஓம்னு சொல்றீங்க? என் கொழம்ப எப்பத் தின்னு பாத்தீங்க?"

அந்த அம்மா நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். "ஐயோ, அப்பிடி இல்லைப் பிள்ளை. நீங்கள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு வாறன் எண்டு சொன்னனான்."

நாம் கதை கேட்கும்போது உம் கொட்டுவோமே, அதுதான் அது. ஆமாம் என்றாலும் ஓம், சொல்லு கேட்கிறேன் என்றாலும் ஓம். நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கூட்டம் 'அரோகரா' என்று சொல்லிக்கொண்டே எங்களைச் சுற்றிப் பிரிந்து போனது. மத்தியானம் சார் கேட்டபோது சொன்ன ஓம் எந்த ஓம் என்று கேட்டேன். அதுவும் இதே ஓம்தான் என்றார். வேறு வழியில்லாமல், தாளில் நான் என்ன அடித்திருக்கிறேன் என்பதை அந்தச் சாலை ஓரத்தில் அவருக்குச் சொன்னேன். அலுவலகத்தில் படித்துக் காட்டியிருக்க வேண்டியதை, சுண்டல் வண்டிப் பக்கத்தில் மனப்பாடமாக ஒப்பித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப இவருக்கு ஆர் பிள்ளை, சோறு தீத்துறது?"

தீத்துவது என்றால் ஊட்டுவது. இவர் என்றால் அவருடைய கணவர். சண்டைக் காலத்தில் படகேறி வந்து பதிவு செய்துகொண்டு எங்கள் மாவட்டத்து முகாம் ஒன்றில் இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அந்தச் சேதி கேட்டு விமானத்தில் வந்தவர் இந்த அம்மா. முகாம் பதிவேட்டில் கணவர் பெயர் உண்டு, இந்த அம்மாவின் பெயர் இல்லை. விசா முடிந்தது, கணவர் எழுந்திருக்கவில்லை, இவர் போகவில்லை. இதில் ஒரு வார்த்தைகூட என் தாளில் இல்லை. கேட்டால்தானே இருக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமைத் தபாலில் அந்தத் தாள் மேலே போகும். போய்விட்டால் சம்மதம் என்று எழுதிக் கொடுத்த ஆளைப் பற்றி அப்புறம் யார் கவலைப்படப் போகிறார்கள்? வெளியே சொன்னால் என் வேலை. தகுதிகாண் பருவம்கூட எனக்கு முடிந்திருக்கவில்லை. ஊமைக் கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்கிறாயே என்று மாமியாரே பயந்துபோய்க் கஷாயம் வைத்துக் கொடுத்தார்.

திங்கள் காலையில் சூப்பிரண்டு சார் வருவதற்கு முன்பே அவர் மேசைக்கு எதிரில் போய் நின்றுகொண்டேன். சொன்னேன். அவர் ஒன்றும் மகான் இல்லை. தாம்தூம் என்று குதித்தார். கையெழுத்து ஆனப்புறம் என்னாத்த மாத்துறது, படிச்சுக் காட்டக் கேட்டேன்னு அந்தம்மாவே போட்டிருக்கு பாரு என்று அந்த வரியை விரலால் தட்டினார். தட்டிய விரல் அங்கேயே நின்றது.

"யார் படிச்சுக் காட்டினது?"

"யாரும் இல்ல சார்."

"நீ?"

"இல்ல சார். சார், நீங்களும்..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. அவர் அந்தத் தாளைத் தபால் கட்டிலிருந்து தனியே எடுத்து வைத்தார். பிறகு, நீ ஒரு தப்பு பண்ணியிருக்க, இந்த வரிய போட்ட நாம எல்லாருமே பொய் சொல்லியிருக்கோம் என்று அலுப்பாகச் சொன்னார். அந்த அம்மாவை மறுபடி வரச் சொல்லிக் கடிதம் போனது. எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் எந்தக் காகிதத்தையும் வாங்கியதில்லை.

இரண்டாம் முறை என்னையே படிக்கச் சொன்னார். வரி வரியாகப் படித்தேன். 'எவ்வித ஆட்சேபனையும் இல்லை' என்ற இடத்தில் அந்த அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார். அது நான் சொல்லேல்லை ஐயா என்றார். இதை ஏன் அன்னிக்கே சொல்லல என்று சூப்பிரண்டு சார் கேட்டார்.

"நீங்கள் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை எண்டு நினைச்சன் ஐயா. முடிய, நான் சொல்லலாம் எண்டு இருந்தனான்."

அதன் பிறகு அவர் பேசினார். மின்விசிறி பழுதாகி நின்றிருந்தது, ஜன்னலில் மலையின் மேல் ஒரு மேகத்தின் நிழல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. கணவரைப் பற்றிச் சொன்னார். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று ஒருநாள் கூட்டிக்கொண்டு போகப்பட்ட மகனைப் பற்றிச் சொன்னார். அவன் வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமே என்றுதான் கணவரோடு படகேறாமல் அங்கேயே இருந்தாராம். இப்போது அந்த வீடே அங்கே ராணுவம் போட்ட வேலிக்குள் போய்விட்டதாம். அழவில்லை. நான்தான் அழுதேன், திரையில் எழுத்தே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று அவர் ஓம் என்றபோதெல்லாம் எந்த ஓம் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்.

நாலு பக்கம் வந்தது. மேலே போனது. பல மாதம் கழித்துப் பதில் வந்தது: கணவர் முகாமில் இருக்கும் காலம் வரை அவருடன் தங்கியிருக்கலாம். வெற்றி என்று குதிக்க அதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு வேளாவேளைக்குச் சோறு ஊட்ட ஒரு கை இருந்தது. வருஷத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வருவார். என் குழம்பைப் பற்றி விசாரிப்பார்.

சூப்பிரண்டு சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது அந்தப் பிரிவில் வாக்குமூலம் எழுதுவதும் படித்துக் காட்டுவதும் நான்தான். சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். புதிதாக வந்த பிள்ளைகள், மேடம் ஆரம்பிச்சிட்டாங்க, சகஸ்ரநாமம் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

போன ஆண்டு அந்த அம்மாவின் கணவர் காலமானார். அவர் இருக்கும் காலம் வரை என்ற அனுமதியும் அவரோடு முடிந்தது. அந்த அம்மாவே வந்தார். மறுபடி மனுப் போடலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, ஆரோட இருக்கிறதுக்கு மனுப் போடுறது, பிள்ளை என்று கேட்டார்.

தட்டச்சு செய்தேன். படித்துக் காட்டினேன். பெயர் சரி. வயது சரி. 'என் சுய விருப்பத்தின் பேரில் நாடு திரும்புகிறேன்' என்று படித்தபோது என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"சுய விருப்பம் எண்டு போடாதேங்கோ. போறன் எண்டு மட்டும் போடுங்கோ."

எடுத்துவிட்டேன். மறுபடி முழுக்கப் படித்தேன். கையெழுத்துப் போட்டார். படியிறங்கிப் போகும்போது குடையை விரித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே அந்தத் தாள் மேலிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் குறிப்பு: 'சுய விருப்பத்தின் பேரில்' என்ற சொற்கள் விடுபட்டுள்ளன, சேர்த்து அனுப்பவும். அதற்குக் கீழேயே என் கையால் எழுதி, தேதி போட்டுத் திருப்பி அனுப்பினேன்: விடுபடவில்லை. அவர் அப்படிச் சொல்லவில்லை.