ஒரு பக்கத்துக் கிளிப்

குளியலறைக்குப் பைப்பு வாங்கப் பழைய இரும்புக் கடைக்குப் போனவர், ஒரு மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூட்டை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பைப்பு வாங்கவில்லை.

"இதுலதான் குளிக்கணுமா?" என்றாள் மனைவி.

"இது எதுன்னு தெரியலையா உனக்கு? நல்லாப் பாரு!"

மேடும் பள்ளமுமான மண் தடத்தில் எகிறிக் குதித்து ஓட்டுவார்களே, அந்த மோட்டோகிராஸ் பந்தய வண்டி. விளக்கு இல்லை, சாவி இல்லை, உதைத்தால் கிளம்பும். இளவட்டமாக இருந்தபோது இதே மாடலில்தான் அவர் பந்தயம் ஓட்டினார். அவர் குதிக்கிற குதியைப் பார்த்துத் 'தவளை' என்று பேர் வைத்துவிட்டார்கள். தோள்பட்டை ஒடிந்ததோடு பந்தயம் நின்றது, பேர் மட்டும் நிற்கவில்லை. இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கும் அவர் தவளை மாமாதான்.

அந்த மாடலைக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அலைச்சல்தான். லீவு நாள் வந்தால் மனிதர் வீட்டில் தங்கமாட்டார். பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரை ஒரு வீட்டில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதற்குப் பதில் ஒரு நல்ல மரக்கட்டையைக் கொடுத்து வாங்கி வந்தார். ஒருவர் வீட்டில் சீட்டின் மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும் வரை காத்திருந்து எடுத்து வந்தார். கிடைக்கவே கிடைக்காத சின்னச் சின்ன சாமான்களை மனைவியின் தம்பி தன் லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தான்.

பிஸ்டன்தான் ஆட்டம் காட்டியது. கடைசியில் அது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் அவரும் பந்தயக்காரர்.

"உன் பின்னாலயே வந்து நான் தின்ன சேறு கொஞ்சமா நஞ்சமா?" என்று சிரித்தபடி, எண்ணெய்க் காகிதம் பிரிக்காத புது பிஸ்டனைத் தவளையின் கையில் வைத்தார்.

அடுத்த வாரம் அதே கடைக்காரர் வீட்டுக்குப் போன் செய்தார். மனைவிதான் எடுத்தாள்.

"தப்பா நினைக்காதம்மா. தவளை இன்னைக்கும் வந்திருந்தான். 'உன்கிட்ட பிஸ்டன் இருக்குதாமே'ன்னு கேட்டான். வம்புக்குக் கேக்குறான்னு நானும் சிரிச்சேன். அவன் சிரிக்கலம்மா."

அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில், தைத்து வருகிற சட்டைகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிறவள். ஒரு பொத்தான் காஜா கோணலாக இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கணவரிடம் எதையோ கொஞ்ச நாளாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பில் வைத்த பால் தீய்ந்தது, வெளியூரில் இருக்கும் மகளிடம் ஒரே கதையை மறுபடி மறுபடி சொன்னது. கேட்டால், "வயசாகுதுல்ல" என்பார். ஒருநாள் பஸ் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டதாம். "அந்தச் சின்னப்பொண்ணு பையைத் தூக்கிக்கிட்டு பின்னாலயே ஓடி வருது, பாவம்" என்று வேடிக்கை போலச் சொன்னார்.

எஞ்சின் பூட்டிய அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் மச்சினன் வேறு வேலையாக இருந்தான். பிஸ்டனையும் அதைத் தாங்கும் தண்டையும் ஒரு பின் கோத்துப் பிடிக்கும். அந்தப் பின் நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் நகக்கண் அளவு கம்பிக் கிளிப் போடவேண்டும். அவர் ஒரு பக்கம் போட்டார். அப்போது மறுநாள் பஸ் விஷயமாகப் பள்ளியிலிருந்து போன் வந்தது, பேசினார், திரும்பி வந்து மேலே சிலிண்டரை இறக்கி மூடினார்.

மூன்றாவது உதையில் வண்டி உறுமியது. பட்டறை முழுக்கப் புகை. பக்கத்துக் கடைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மனைவிகூடச் சிரித்துவிட்டாள். ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி ரசித்துக்கொண்டிருந்தவர், உள்ளே கிறீச்சென்று ஏதோ கீறும் சத்தம் கேட்டுக் கையை எடுப்பதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

மச்சினன் கழற்றிப் பார்த்தான். பின் நழுவி, சிலிண்டரின் உட்சுவரை நெடுகக் கிழித்திருந்தது.

"மாமா, ஒரு பக்கம் கிளிப்பே போடலையே."

"போட்டேன்டா."

மச்சினன் மேசையைத் துழாவினான். பிரித்த காகிதத்தின் மடிப்பில் ஒரு கிளிப் அப்படியே இருந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. "நீ எடுத்து வச்சிருக்க. ஆரம்பத்துலேருந்தே உனக்கு இதுல இஷ்டமில்ல. என் கையால போட்டேன், எனக்குத் தெரியாதா? திருட்டுப்பயலே!"

கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு தன் பட்டறையை விட்டே வெளியே போனான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள், "நாளைக்கு பஸ் எடுக்காதீங்க."

"வண்டிக்கும் பஸ்ஸுக்கும் என்னடி சம்பந்தம்?"

"கிளிப் போட்டதா சத்தியம் பண்றீங்க. போடல. அதே மாதிரி பிரேக்கும் போட்டேன்னு நினைச்சுட்டா? உள்ள இருக்கிறது பிள்ளைங்கங்க."

"வாய மூடு" என்றவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

காலையில் அவள் எழுந்தபோது ஆளைக் காணோம். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். பஸ் கிளம்பாமல் கொட்டகையிலேயே நின்றிருந்தது. அவர் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சாவியக் குடுத்துட்டேன்" என்றார் மனைவியிடம். "வேற ஆளு வராரு."

ஆயாம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும். ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே, 'அண்ணே, அடுத்தது பச்சை கேட்டு வீடு, அண்ணே, அடுத்தது தண்ணி டேங்க்'னு கத்திக்கிட்டேதான் வந்தேன். பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி. அன்னைக்கு ஒருநாள் நான் லீவு. அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணை விட்டுட்டு வந்துட்டாரு."

"எப்போலேருந்து இப்படிக் கத்துற?" என்று அவர் கேட்டார்.

"மழைக்காலத்துலேருந்துண்ணே."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "உனக்குத் தொண்டை பெருசுன்னு கேலி பண்ணிட்டிருந்தேன்" என்றார்.

பிறகு டாக்டர், ஸ்கேன், படம் போட்ட அட்டைகளைக் காட்டிக் கேட்கும் கேள்விகள். மறதி நோயின் தொடக்கம் என்றார்கள். மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், நிறுத்தாது என்றார்கள். அவர் எதை மறந்தாலும் மச்சினனைத் திட்டியதை மட்டும் மறக்கவில்லை. அது மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. தானாகப் போய்ப் பேசவும் அவருக்கு முகமில்லை.

மச்சினன்தான் வந்தான். கிழிந்த சிலிண்டருக்குள் புது உட்குழாய் இறக்கி, வேறொரு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து பொருத்தமாக்கிக் கொண்டுவந்திருந்தான்.

"மாப்ளே, அன்னைக்கு நான்..."

"விடுங்க மாமா. ஸ்பேனர எடுங்க."

"நீ போடு. நான் பார்த்துக்கறேன்."

இரண்டு கிளிப்பும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மனைவி விளக்கைப் பிடித்துக் குனிந்து, சட்டைக் காஜாவைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சொன்ன பிறகே சிலிண்டரை மூடினார்கள். வண்டி கிளம்பியது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஒரு தடவை ஓட்டிவிட்டுப் பூட்டி வைத்துவிடுகிறேன் என்று டாக்டரிடம்கூட அவர் கேட்டுப் பார்த்தார். டாக்டர் சம்மதிக்கவில்லை. வண்டி இப்போது வீட்டில்தான் நிற்கிறது; சாவி இல்லாத வண்டி என்பதால், வேலைக்குக் கிளம்பும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறாள் மனைவி. அதற்காக வாரத்தில் ஒருநாளாவது சண்டை. சில நாள் மனிதர் கெஞ்சுகிறார், சில நாள் ஏசுகிறார். அவளுக்கு மனசு கேட்காத சாயங்காலங்களில் பிளக்கைத் திரும்ப மாட்டிவிடுவாள். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து அவர் முறுக்குவார். ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நிற்பாள்.