கிணற்று நீச்சலும் மூழ்கிய தோணியும்

ஐம்பதுகளின் இறுதியில் திண்டிவனத்தில் என்னோடு பயின்ற தோழன், மரக்காணத்தை அடுத்த மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவன். பங்குனி விடுமுறையில் நான் அவனோடும் அவன் தமையனாரோடும் கட்டுமரத்தில் கடலுக்குச் சென்ற காலையில், தமையனாரின் வலை கடலடியில் சிக்கிக்கொண்டது.

அங்கே ஒரு பாறைத்திட்டு; அதன்மேல் உப்பேற்றி வந்த பழந்தோணி ஒன்று மூழ்கிக் கிடந்தது. பெருமுக்கல் குன்று கரையோரப் பனந்தோப்பின் வலக்கோடியில் தோன்றினால் அத்தோணிக்கு நேர்மேலே நிற்கிறோம் என்று பொருள்; வலை வீசாமல் விலகிவிடுவார்கள். அன்று மூடுபனி குன்றை மறைத்திருந்தது.

அக்குடும்பத்துக்கு அவ்வொரு வலையே உண்டு. பருத்தி நூல், வலிந்து இழுத்தால் கிழியும். தோழனுக்கோ காதில் சீழ், மூழ்க முடியாது. தமையனார் துடுப்பை விட்டால் நீரோட்டம் கட்டுமரத்தைக் கொண்டுபோய்விடும். எங்கள் நிலக்கடலைக் கொல்லைக் கிணற்றில் மூழ்கி, அடிமண் அள்ளிவந்து காட்டி வளர்ந்தவன் நான். இறங்குவதென்று உறுதி செய்தேன்.

"மல்லாட்டக் கொல்லக்காரரு கடல்ல எறங்குறாராம்," என்று தமையனார் தம்பியிடம் சிரித்தார். "அவுங்க ஊட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"கெணத்துல குளிச்சிக்கினு கீறான்னு சொல்லுண்ணா," என்றான் தோழன்.

உப்புநீர் என்னை மேலே தள்ளியது. கட்டுமரத்தில் கிடந்த கனத்த கல்லை அணைத்துக்கொண்டு மீண்டும் இறங்கினேன். சிப்பி படிந்த பலகை உள்ளங்கையைக் கீறியது. மூச்சடங்கும் வேளையில் மேலே வந்தேன்.

தமையனார் என் கையைப் பார்த்தார். அதில் ஒரு பிடி மணல் இருந்தது.

"மண்ண யாரு தம்பி கேட்டா? வல எங்க?"

"ஒண்ணும் தெரியலைங்க அண்ணே."

"கண்ண மூடிக்கினு போனா எப்புடித் தெரியும்? உங்க கெணத்துல பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. இங்க தொறந்துக்கினு போ."

திறந்தேன், எரிந்தது. பின்னர் மங்கலாகத் தோணியின் விலாக்கட்டைகள் தெரிந்தன. அவற்றினூடே வரிமீன்கள் அச்சமின்றித் திரிந்தன. வலை இரண்டு கட்டைகளைச் சுற்றியிருந்தது. ஒன்றிலிருந்து விடுவிப்பதற்குள் மூச்சு முடிந்தது. ஏறினேன், இளைப்பாறினேன், தோழன் போதும் என்றான். மற்றொன்று எஞ்சியிருக்கையில் எப்படிப் போதும்? மறுபடி இறங்கினேன். முடிச்சைப் பல்லால் நெகிழ்த்தினேன்.

வலை மேலேறியது. அதில் ஒரு சாண் கிழிசல் மட்டுமே.

தமையனார் அதை விரலால் அளந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மூடுபனி விலகியிருந்தது. குன்று தோப்பின் வலக்கோடியில் சரியாக நின்றது.

"இப்ப வந்து நிக்குது பாரு, பந்தி முடிஞ்சப்புறம் வர்ற சம்பந்தி கணக்கா," என்று குன்றை வைதுவிட்டு, திட்டுக்கு அப்பால் வலை வீசத் துடுப்பை வலித்தார்.