கத்தி முனை யார் பக்கம்

எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். திருப்பூர், ஓசூர், கொஞ்ச நாள் விசாகப்பட்டினம் என்று சுற்றிவிட்டு ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில் டிரிம்மிங் வேலைக்குச் சேர்ந்தேன். பதப்படுத்திய தோலின் பிய்ந்த ஓரங்களைக் கத்தியால் சீவி எடுக்கிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். நாற்றம் நமக்குச் சீக்கிரம் பழகிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனுக்குத்தான் பழகாது.

அங்கே செக்யூரிட்டி ஆபீசராக இருந்தவர் கடற்படையில் அதிகாரியாக இருந்து நீக்கப்பட்டவர். தனக்குக் கீழே இருந்த மாலுமி ஒருவனை அடித்தார் என்று கோர்ட் மார்ஷல் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தான் அடிக்கவே இல்லை, இரண்டு பேர் சேர்ந்து பொய் சாட்சி சொன்னார்கள் என்பது அவர் கட்சி. அந்தத் தீர்ப்பை மறுபடி விசாரிக்கச் சொல்லி சென்னையில் மனுப் போட்டிருந்தார். கேட்டில் உட்கார்ந்துகொண்டு வக்கீலோடு போனில் சத்தமாகப் பேசுவார். நாங்கள் பக்கத்திலேயே நிற்போம். எங்களுக்கும் காது இருக்கிறது என்று அவர் நினைத்ததில்லை.

திருப்பத்தூர்ப் பக்கத்து ஆள்தான். ஆனால் எங்களோடு டீ குடிக்க மாட்டார். லேட்டாக வந்தவனை வெயிலில் நிற்க வைப்பார். பதிலுக்கு நாங்கள் அவர் காதில் விழுகிற மாதிரியே பேசுவோம்.

"கேப்டனுக்குக் கப்பல் எங்கப்பா நிக்குது?"

"பாலாத்துல நிறுத்தி வச்சிருக்காரு. தண்ணி வந்ததும் கெளம்பிருவாரு."

பாலாற்றில் மணல் லாரிதான் நிற்கும்.

ஒரு நாள் இரண்டு பேருக்குள் சண்டை வந்து ஒருவன் டிரிம்மிங் கத்தியைத் தூக்கிவிட்டான். அதிலிருந்து, ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் கத்தியைக் கேட்டில் அவர் மேஜையில் வைத்துவிட்டுத்தான் வெளியே போகவேண்டும் என்று புது ரூல் போட்டார். வைத்தோம். அவர் ஒவ்வொரு கத்தியாக எடுத்துக் குறுக்கே திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார்.

தோலை எங்கள் பக்கமாக இழுத்துத்தான் வெட்டுவோம். அதனால் கத்தியைக் கீழே வைக்கும்போது முனை எதிர்ப்பக்கம்தான் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த தோலை இழுக்கிறபோது கத்தியும் சேர்ந்து வயிற்றுக்கு வந்துவிடும். முதல் நாளே மேஸ்திரி திட்டிப் பழக்குவது அது. கை தானாக அப்படித்தான் வைக்கும். கேட்டில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது அவர்.

ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்.

"திருப்பி வை."

"எதுக்கு சார்?"

"சொன்னா செய்."

"கைக்கு எப்டி வருதோ அப்டித்தான் சார் வரும். கைக்கு நீங்க சம்பளம் குடுக்கல."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுநாள் டிரிம்மிங் ஆட்கள் மொத்தப் பேரும் வேண்டுமென்றே முனையை அவர் நெஞ்சைப் பார்த்து வரிசையாக வைத்தோம். கடைசிக் கத்தி என்னுடையது. வைத்துவிட்டு, "சலாம் கேப்டன்" என்றேன். எழுந்து அறைந்துவிட்டார்.

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் அவருக்கு சென்னையில் வாய்தா. அடித்தார் என்று வேலை போனவர், அடிக்கவே இல்லை என்று மனுப் போட்டவர், எல்லார் முன்னாலும் ஒரு தொழிலாளியை அடித்திருக்கிறார். நான் போலீசில் ஒரு வார்த்தை சொன்னால் மனு அதோடு சரி. இது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். அவருக்கும் இந்த ஆளைப் பிடிக்காது.

"எழுதிக் குடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர்.

"என் கன்னம் சார். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் ரூம் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். உட்காரச் சொல்லவில்லை. அவரும் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

"கோர்ட் மார்ஷல்ல நம்ம யூனிபார்ம் வாள வாங்கி மேஜ மேல வச்சிருவாங்க. தீர்ப்பு முடிவாயி நம்மள உள்ள கூப்புடுவாங்க. கைப்பிடி நம்ம பக்கம் இருந்தா தப்பிச்சோம். முனை நம்மளப் பாத்துக்கினு இருந்தா அவ்ளோதான். யாரும் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்."

"உங்களுக்கு எப்டி இருந்துது?"

"நீங்க தெனம் வைக்கறீங்களே, அப்டி."

நான் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

"அந்த ஆள அடிச்சீங்களா சார்?"

"இல்ல. நான் வாழ்க்கைல அடிச்ச மொத ஆள் நீதான்டா, நாயே" என்றார்.

நம்பினேன். பொய் சொல்ல வந்தவன் முதலில் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான் என்பது ஒன்று. இன்னொன்று, பல ஊரில் பல பேரிடம் அடி வாங்கியவன் நான். பழகின கை எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். இவருடையது பாதி காதில் விழுந்து, கட்டைவிரல் கண்ணில் குத்தியது. அடிக்கத் தெரியாதவன் அடித்த அடி. அவர் யோக்கியத்துக்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். அதை வெளியே சொன்னால் அவர் கதை முடிந்துவிடும்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. "போங்க சார், துணி காயணும்" என்றேன்.

சென்னையில் வாய்தா தள்ளிப்போனது. அப்புறம் இன்னொரு தடவையும் தள்ளிப்போனது. நான் ஏதோ வாங்கிக்கொண்டு வாயை மூடிவிட்டதாக டிரிம்மிங்கில் பேச்சு வந்தது. கூடச் சாப்பிட்டவன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான். மேனேஜர் என்னை ஈரத்தோல் தூக்கப் போட்டார்; பிய்ந்த ஓரம் சீவக் கத்தியை மட்டும் பிடுங்கவில்லை. கேட்டில் அந்த ஆள் தினமும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார், இன்றைக்கு எழுதிக் கொடுத்துவிட்டானா என்று. என்னை அவருக்கு முன்பைவிட ஜாஸ்தி பிடிக்காமல் போனது. எனக்கும் அப்படித்தான்.

முதுகு தாங்கவில்லை. பெங்களூரில் ஒரு வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கணக்கை முடித்துக்கொண்டேன். கடைசியாகக் கத்தியை ஒப்படைக்கக் கேட்டுக்குப் போனபோது அவர் மட்டும் இருந்தார்.

"போறியா? போறதுக்கு முன்னாடி ஒன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. நான் அடிக்கலன்னு."

"அடிச்சீங்களே சார்."

"அப்போ கேஸ் குடுக்க மாட்டேன்னாவது எழுது."

"எழுத மாட்டேன். குடுக்க மாட்டேன்னு வாயால சொல்றேன்."

"உன் வாய எப்டி நம்பறது?"

"நான் உங்க வாய நம்பல? சென்னைல கோர்ட்ல உக்காந்திருக்கறவங்களும் உங்க வாயத்தான நம்பணும்னு கேக்கறீங்க?"

நான் கத்தியை மேஜையில் வைத்தேன். முனை அவர் பக்கம்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. நான் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.