தொண்ணூற்று மூன்றில் போன சாம்பார்

சுடலையின் மொபெட் நாற்பதைத் தாண்டினால் சாம்பார் கேனின் மூடி தெறித்துவிடும். பதினேழு வருடமாகத் தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை அதில்தான் இட்லி விற்கிறார். அந்த வண்டி லிங்க் ரோட்டில் மணிக்குத் தொண்ணூற்று மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாகக் கேமரா சொன்னது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாவது அபராதச் சலானோடு ஒரு வரி கூடுதலாக வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் லைசன்ஸ் ஆறு மாதம் முடக்கப்படும். லைசன்ஸ் இல்லாவிட்டால் வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு இல்லை.

இதில் கொடுமை, அந்தக் கேமராவைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். கூட இட்லி விற்ற ஹரியின் காலை அதே ரோட்டில் ஒரு கார் நசுக்கிவிட்டுப் போனபோது, எல்லோரும் விதி என்று கையை விரித்தார்கள். சுடலைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கார்க்காரன் மிதித்தது விதியையா, ஆக்ஸிலரேட்டரையா? சந்து சந்தாக ஏறி இறங்கி முந்நூறு கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார். அன்று கையெழுத்துப் போட மறுத்த பக்கத்து வீட்டுப் பூலோகம் இப்போது டீக்கடையில் அவரை விடுவதாக இல்லை.

"வே சுடலை, நீரு வச்ச கேமரா உம்மையே புடிச்சிட்டுல்லா. ராக்கெட்டுலயா இட்லி விக்கீரு?"

"கேமரா பாத்தத சொல்லுது. அதப் பாக்கதுக்குச் சம்பளம் வாங்குறவன்தான் கண்ண மூடிட்டு இருக்கான்."

டிராஃபிக் போலீஸ் சௌக்கிக்கு இரண்டு முறை அலைந்தாயிற்று. இரண்டு முறையும் ஹவில்தார் தலை நிமிராமல் ஒரே பதிலைத்தான் சொன்னார். சிஸ்டத்தில் வந்திருக்கிறது, சிஸ்டம் தப்புச் செய்யாது. சாம்பார் கேனோடு ஒருவன் தொண்ணூற்று மூன்றில் போக முடியுமா என்று யோசிக்க அவருக்கு மேலிடத்து உத்தரவு வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மகள் ஸ்ரீதேவி சலானின் படத்தை மொபைலில் திறந்து பெரிதாக்கினாள்.

"அப்பா, இது மொபெட்டே இல்ல. கார். ஆனா நம்பர் நம்மளோடது, 8413."

"நல்லாப் பாரு."

அவள் இன்னும் பெரிதாக்கினாள். காரின் முன்பக்கம், நம்பர் பிளேட்டின் மேல் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த சரடு தொங்கியது. சனிக்கிழமைகளில் சிக்னலில் விற்பார்களே, அதுதான்.

"ருக்கோ, ருக்கோ, கொஞ்சம் இருங்க. கடைசி நம்பர் மூணு இல்லப்பா. எட்டு. இடது பாதிய எலுமிச்சம்பழம் மறைக்குது."

காருக்குத் திருஷ்டி படக்கூடாதென்று எவனோ கட்டிய சரடு, கேமராவின் திருஷ்டியைச் சுடலையின் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏ தங்கத்தாய், நம்ம வண்டிக்குக் கட்டணும்னு ஒரு சரடு வாங்கி வச்சேல்லா, அது எங்க?"

"வீட்டுக்குள்ளயே கொண்டு வரக்கூடாதுன்னு சண்ட போட்டீய. சலான் வந்ததும் புத்தி வந்துட்டாக்கும்?"

"நம்பிக்கையில கேக்கல. சாட்சிக்கு வேணும்."

மறுநாள் சௌக்கி வாசலில் மொபெட்டை நிறுத்தி, தன் நம்பரில் முதலில் வரும் எட்டின் இடது பாதி மறையும்படி சரடைத் தொங்கவிட்டார். உள்ளே போய் இந்தியில் கேட்டார்.

"சாஹேப், வாசல்ல நிக்கிற என் வண்டி நம்பர எழுதிக்கோங்க."

ஹவில்தார் சலிப்போடு வெளியே பார்த்து எழுதினார்: 3413.

சுடலை வெளியே போய் எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் பிடித்தார். அடியில் எட்டு இருந்தது. திரும்பி வந்து மொபைலை மேசைமேல் வைத்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாக ஹவில்தார் அந்தப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நம்பர் பிளேட்டை மறைத்ததற்கு உனக்கே ஃபைன் போடலாம், தெரியுமா?"

"போடுங்க. மறைச்சது தப்புதான். அப்படியே இதுக்கும் பதில் எழுதுங்க."

ஃபைன் விழுந்தது. மூன்று சலானும் ரத்தானதற்கும், லைசன்ஸில் கை வைக்கவில்லை என்பதற்கும் காகிதம் வந்தது. சுடலை அதை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னும் என்ன?"

"அந்தக் கார், சாஹேப். மூணு தடவ தொண்ணூத்தி மூணுல போயிருக்கான்."

"அதை மேலே பார்த்துக்கொள்வார்கள்."

"என் சலான மட்டும் மேல யாரும் பாக்கலியே."

சாப்பாட்டு நேரம் என்றார் ஹவில்தார். காத்திருப்பதாகச் சொன்னார் சுடலை. மாட்டுங்காவில் இட்லிக்கு நிற்பவர்கள் இன்று ஒருநாள் திட்டட்டும். ஊன்றுகோலோடு ஹரி இன்னமும் அதே ரோட்டைத்தான் கடக்கிறான்.

ஹவில்தார் பெருமூச்சு விட்டு, கண்ணாடியை மாட்டி, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். சுடலை எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"கடைசியில எட்டு, சாஹேப். மூணு இல்ல."